ரெண்டாவது வாரம் எங்கே போனீங்க பாஸ்?

முதல்ல ஒரு சின்ன சோதனை. பக்கத்துல யாரும் எட்டிப் பார்க்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு உங்க செல்போனை எடுங்க. மெயிலுக்குள்ள போய் 'வெல்கம் டு தி கோர்ஸ்'னு தேடுங்க. எத்தனை வந்தது? மூணு? ஏழு? அதுல எத்தனையை முடிச்சீங்க?

அட, வெட்கப்படாதீங்க. என் கணக்கைச் சொல்லிடறேன். சேர்ந்தது ஒன்பது. முடிச்சது ஒன்றரை. (அந்த அரை எதுன்னா, தேர்வுக்குப் பணம் கட்டிட்டு அன்னிக்குத் தூங்கிட்டது. அதை எதுக்கு அரைன்னு சேர்த்தேன்னு எனக்கே தெரியலை!)

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் வர்ற வியாதி இல்லை. 2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., 'சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்' என்ற பாடத்தை இன்டர்நெட்டில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. நடத்தியவர் அனந்த் அகர்வால். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-ல் பி.டெக். முடித்தவர். சேர்ந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம் பேர். கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை!

இந்தக் கணக்கைச் சொல்லி 'ஆன்லைன் படிப்பே வேஸ்ட்'னு முடிச்சவங்க நிறைய. எனக்கு அதுல வேற ஒரு இடம்தான் கண்ணுல பட்டது. முதல் வார வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு மார்க்காவது எடுத்தவர்கள் சுமார் 26 ஆயிரம் பேர்தான். மிச்சம் 1 லட்சத்து 29 ஆயிரம் பேரில் பெரும்பாலானவங்க பாடம் கஷ்டம்னு ஓடினவங்க இல்லை. அவங்க ஆரம்பிக்கவே இல்லை! இடையில் வந்த தேர்வில் பாஸ் ஆனவர்கள் 9 ஆயிரத்துச் சொச்சம். அந்த 9 ஆயிரத்துக்குப் பக்கத்தில் 7,157-ஐ வெச்சுப் பாருங்க. பாதி தூரம் வந்தவன் கரை சேர்ந்துடறான். பானையில் ஓட்டை அடியில் இல்லை, வாய்கிட்டேயே இருக்கு.

இந்த நினைப்போட இருந்தப்பதான் போன மாசம் காஞ்சிபுரம் போனேன்.

காஞ்சிபுரம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோயில் இட்லி, பட்டுச்சேலை, அக்கா கல்யாணத்துக்கு ஒரு நாள் முழுக்கக் கடை கடையா ஏறி இறங்கினது. ஆனா படிப்புக்கும் அந்த ஊருக்கும் ரொம்பப் பழைய தொடர்பு. பல்லவர் காலத்தில் காஞ்சியில் 'கடிகை' என்ற உயர்கல்விக்கூடம் இருந்தது. மயூரசர்மன் என்பவர் இப்போதைய கர்நாடகத்திலிருந்து அங்கே படிக்க வந்தார். ஊருக்குள் பல்லவர் குதிரைவீரன் ஒருத்தனோடு தகராறு. கோபித்துக்கொண்டு படிப்பை விட்டுப் போய், கத்தி எடுத்து, கடம்ப அரசையே நிறுவிட்டார். தாளகுண்டா கல்வெட்டு சொல்லும் கதை இது. காஞ்சிபுரத்தின் முதல் 'டிராப்-அவுட்' அவர்தான் போல! நாம படிப்பை விட்டா ராஜ்ஜியமெல்லாம் கிடைக்காது மக்களே, அரியர்தான் கிடைக்கும்.

நான் போனது பிள்ளையார்பாளையம். நெசவாளர் தெருக்கள் நிறைந்த பகுதி. தெரிஞ்சவங்க வீட்டுத் தம்பி ஒருத்தன், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். வீட்டில் முதல் பட்டதாரி. முன்கூடத்தில் அப்பாவின் குழித்தறி. தறிக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பெஞ்ச், அதுதான் இவனோட 'ஸ்டடி ரூம்'.

"அண்ணா, அசைன்மென்ட்ல 25-க்கு 24 வாங்கினேன். ஆனா ஃபெயில்"னான்.

எப்படின்னு புரிய, என்.பி.டி.இ.எல். எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தியைத் தாண்டிக்கோங்க. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். ஆரம்பத்தில் பேராசிரியர் போர்டுக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசுவார், அதை அப்படியே படம்பிடித்துப் போடுவார்கள். (அந்தக் கால வீடியோக்களைத் தூக்கம் வராத என் நண்பர்களுக்கு இன்னிக்கும் சிபாரிசு பண்றேன்.) 2014-ல்தான் சான்றிதழ் முறை வந்தது. 2017-ல் மத்திய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியபோது இதுவும் அதில் ஓர் அங்கமாச்சு. 4 வாரம், 8 வாரம், 12 வாரம்னு பாடங்கள். சேர காசு கிடையாது. வாரா வாரம் சின்னச் சின்ன வீடியோக்கள், ஓர் அசைன்மென்ட், அதுக்கு ஒரு கெடு. கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதற பரீட்சை. அதுக்குத்தான் கட்டணம்.

மார்க் கணக்கு இப்படி. அசைன்மென்ட் 25, பரீட்சை 75. 12 வாரப் பாடம்னா பன்னிரண்டு அசைன்மென்ட்டில் நல்லா வந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் வேணும்னா அசைன்மென்ட்டில் 25-க்கு 10, பரீட்சையில் 75-க்கு 30, ரெண்டையும் தனித்தனியாத் தாண்டணும். மொத்தம் 60-ஐத் தாண்டினா 'எலீட்', 75-ஐத் தாண்டினா கூடவே வெள்ளி, 90-ஐத் தொட்டா தங்கம்.

நம்ம தம்பி சேர்ந்தது ஐ.ஐ.டி. ரோப்பர் நடத்தும் 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்', 12 வாரம். முதல் வாரம் ஆர்வமா எல்லா வீடியோவும் பார்த்தான். ரெண்டாவது வாரம் கல்லூரியில் இன்டர்னல்ஸ். மூணாவது வாரம் 'சேர்த்துப் பார்த்துக்கலாம்'. நாலாவது வாரம் நண்பன் ஒருத்தன் ஒரு லிங்க் அனுப்பினான். 'வீக் 4 அசைன்மென்ட் ஆன்சர்ஸ்'. யூடியூப், டெலிகிராம்னு எல்லா இடத்திலும் கிடைக்குது. கெடுவுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி உட்கார்ந்து டிக் அடிச்சா முடிஞ்சது. அசைன்மென்ட் மார்க் 24. பரீட்சையில் 23. கூட்டினா 47. ஆனா பரீட்சையில் 30-ஐத் தாண்டலை. சான்றிதழ் இல்லை.

தோத்ததைவிட அவனுக்கு வலிச்சது வேற. பரீட்சைக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அப்பா கொடுத்தது. "ரெண்டு நாள் கூலிண்ணா அது. 24 வாங்கியிருக்கேன்பான்னு வாரா வாரம் அவர்கிட்ட காட்டியிருக்கேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு அவர் ஒண்ணுமே சொல்லலை. தறியில இருந்து எழுந்திருக்கவே இல்லை."

காப்பி அடிக்கிறது பாவம்னு உங்களுக்குச் சொல்ல நான் வரலை. உங்க எச்.ஓ.டி. அதைச் சொல்லிக்கிட்டுதான் இருக்கார். நான் சொல்ல வர்றது வேற. அந்த வாராந்திர அசைன்மென்ட் ஒரு தர்மாமீட்டர். உங்களுக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு உங்களுக்கே காட்டறதுக்காக வெச்சது. பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வெச்சு எடுத்துட்டு '98.4, நான் நல்லா இருக்கேன்'னு சொன்னா காய்ச்சல் போயிடுமா? எட்டு வாரம் தம்பிக்கு ஜுரம். எட்டு வாரமும் அவன் கையில் இருந்த தாளில் நார்மல். தனக்குத் தெரியலைங்கிறதே அவனுக்குத் தெரியலை. கடைசியில் தேர்வு மையத்தில், அதுவும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து நாலாவது கேள்வி வந்தப்பதான் தெரிஞ்சுது.

பள்ளிக்கூடத்துல நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. எப்ப படிக்கணும்னு மணி அடிச்சுச் சொன்னாங்க. என்ன படிக்கணும்னு 'முக்கிய வினாக்கள்' கொடுத்தாங்க. படிச்சோமான்னு மிஸ் கேட்டாங்க, இல்லேன்னா அம்மா கேட்டாங்க. நம்மை நாமே நடத்திக்கிற வேலை நமக்கு வந்ததே இல்லை. திடீர்னு ஆன்லைன் பாடம் வந்து, 'நீயே மாணவன், நீயே வாத்தியார், நீயே ஹெட்மாஸ்டர்'னு சொன்னா? மாணவன் ஓகே. ஹெட்மாஸ்டர் வேலைக்கு ஆள் இல்லை!

கல்வி உளவியலில் இதுக்கு, தன்னைத்தானே நெறிப்படுத்திக் கற்பதுன்னு பேர். நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த பாரி ஜிம்மர்மேன் இதையே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். அவர் இதை மூணு கட்டமாப் பிரிச்சார். தொடங்கறதுக்கு முன்னாடி யோசிக்கிறது, செய்யும்போதே தன்னைக் கவனிக்கிறது, செஞ்சு முடிச்ச பிறகு திரும்பிப் பார்க்கிறது. மூணாவது, அடுத்த சுற்றோட முதலாவதுக்குப் போய்ச் சேரும். கேட்க ரொம்ப சிம்பிளா இருக்குல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். அதை யாராவது நிஜமா செஞ்சு நான் பார்த்தது அன்னிக்கு, அந்தக் குழித்தறியில்.

தம்பி பேசிக்கிட்டிருந்தப்ப நான் அவங்க அப்பாவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அவர் தலைக்கு மேல எந்த சூப்பர்வைசரும் இல்லை. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. காலையில எத்தனை மணிக்கு உட்காரணும், எப்ப எழுந்திருக்கணும், எல்லாம் அவர் இஷ்டம். ஒரு சேலைக்கு டிசைனைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். அப்படிப்பட்ட வேலையில் ஒரு மனுஷன் சோம்பேறியாக எவ்வளவு வாய்ப்பு இருக்கு! 'நாளைக்குச் சேர்த்து நெய்துக்கலாம்'னு தோணாதா?

கேட்டேன். சிரிச்சார். "தோணும் தம்பி. ஆனா சேர்த்து நெய்ய முடியாதே. கை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஓடும். நேத்து விட்டதை இன்னிக்குப் பிடிச்சா கரை கோணிக்கும்."

நெய்த பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். அன்னிக்குக் காலையில் உட்காரும்போது வெச்ச அடையாளம். அதிலிருந்து சாணால் அளந்து, சாயங்காலத்துக்குள்ள எங்கே நிற்கணும்னு அவருக்குக் கணக்கு. இடையில் ஓர் இழை அறுந்தது. எனக்குக் கண்ணுக்கே தெரியலை. அவர் நாடாவை நிறுத்திட்டார். இழையைத் தேடி, முடிச்சுப் போட்டு, ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுத்தான் அடுத்த ஊடை. "இப்ப விட்டா அரை அடி தள்ளிப்போய் தெரியும். அப்ப பிரிக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடும்"னார்.

பையன் வீக் 2-ல் அறுந்த இழையோட வீக் 12 வரை நெய்துட்டான். நான் இதை வாய்விட்டுச் சொல்லலை. அவனே அப்பா கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்.

சரி, கதை அங்கேயே நிக்கலை. ஜனவரியில் அதே பாடத்தில் மறுபடி சேர்ந்திருக்கான். இந்தத் தடவை என்ன பண்ணினான்னு அவன்கிட்ட துருவித் துருவிக் கேட்டேன். உங்களுக்காகத்தான்!

முதல் வேலை, 12 வாரத்தையும் வீட்டுக் காலண்டரில் எழுதினான். அசைன்மென்ட் கெடு மட்டும் இல்லை. அதோட இன்டர்னல்ஸ், சித்தி பொண்ணு கல்யாணம், ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத் திருவிழா, எல்லாம். திருவிழா நாட்களில் அந்தத் தெருவில் உட்கார்ந்து பைத்தான் படிக்கிறேன்னு சொல்றவன் பொய் சொல்றான். எட்டு அசைன்மென்ட்தான் கணக்குன்னா நாலு வாரம் கையிருப்பு. அந்த நாலையும் ஆரம்பத்திலேயே சோம்பலில் செலவழிக்காம, கல்யாணத்துக்கு ஒண்ணு, திருவிழாவுக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணுன்னு ஒதுக்கி வெச்சான். ஒண்ணு மிச்சம்! பட்ஜெட் போடறதுன்னா இதுதான் பாஸ்.

ரெண்டாவது, நேரம். ராத்திரி படிக்கலாம்னா டி.வி. சத்தம். பகலில் தறிச் சத்தம். அதனால காலை அஞ்சேகால் மணி. அப்பா தறியில் இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணேகால் மணி நேரம். தினமும் இல்லை, வாரத்துக்கு நாலு நாள். 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்'னு சொன்னவங்களுக்கு நேரம் கிடைச்சதா சரித்திரமே இல்லை.

கெடு விஷயத்தில் ஓர் ஆராய்ச்சி இருக்கு. 2002-ல் டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக் ரெண்டு பேரும் எம்.ஐ.டி.யில் பண்ணினது. ஒரு வகுப்புக்கு மூணு கட்டுரைக்கும் சம இடைவெளியில் கெடு வெச்சாங்க. இன்னொரு வகுப்பில் 'உங்க கெடுவை நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு விட்டாங்க. இஷ்டத்துக்கு விட்டவங்களில் பல பேர் தங்களுக்குத் தாங்களே முன்கூட்டியே கெடு வெச்சுக்கிட்டாங்க. தங்களைப் பற்றித் தெரிஞ்சவங்க! ஆனாலும் சம இடைவெளிக் கெடு இருந்த வகுப்புதான் நல்ல மார்க் வாங்கினது. அப்போ என்.பி.டி.இ.எல். வெக்கிற வாராந்திரக் கெடு தண்டனை இல்லை, ஓசியில் கிடைக்கிற ஹெட்மாஸ்டர். அதை நீங்க கடைசி பத்து நிமிஷமா மாத்தினா அவர் என்ன பண்ணுவார் பாவம்!

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வீடியோ பார்த்து முடிச்ச உடனே லேப்டாப்பை மூடிட்டு, ஒரு பழைய நோட்டில் ஞாபகத்திலிருந்து எழுதுவான். என்ன புரிஞ்சுது, எந்த புரோகிராம், எந்த வரி எதுக்கு. முதல் நாள் நாலு வரிக்கு மேல வரலையாம். "இருபது நிமிஷம் பார்த்தேன்ணா, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். மூடினா ஒண்ணுமே இல்லை!"

நம்ம எல்லாருக்கும் இதே கதைதான். யாரோ அழகா விளக்கும்போது, அவங்க புரிதலை நம்ம புரிதல்னு நினைச்சுடறோம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு பத்தியைச் சிலர் திரும்பப் படிச்சாங்க. சிலர் திரும்பப் படிக்காம, ஞாபகம் இருக்கறதை எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்க 81 சதவீதம், எழுதிப் பார்த்தவங்க 75. ஜெயிச்சது முதல் கூட்டம். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா? படிச்சவங்க 42, எழுதிப் பார்த்தவங்க 56! பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொத்தமாப் படிச்சு, அடுத்த வாரமே மொத்தமா மறக்கிற நம்ம பரம்பரை வித்தையின் ரகசியம் இதுதான்.

அப்புறம் அசைன்மென்ட். கெடு முடியற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியா அனுப்பினதுதான் கணக்கு. பெரும்பாலானவங்க இதைக் கவனிக்கிறதே இல்லை. தம்பி என்ன பண்ணினான்னா, வாரத் தொடக்கத்திலேயே எதையும் பார்க்காம ஒரு தடவை போட்டு அனுப்பிடுவான். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நோட்டில் ஒரு குறி: நிச்சயம், சந்தேகம், குத்துமதிப்பு. சந்தேகமும் குத்துமதிப்பும் இருக்கிற வீடியோவுக்கு மட்டும் திரும்பப் போவான். புரோகிராம் கேள்விகளில் இன்னொரு வசதி. சில டெஸ்ட் கேஸ்களை உடனே சரியா தப்பான்னு காட்டிடும். சிலதைக் கெடு முடிஞ்ச பிறகுதான் காட்டும். அப்பா இழை அறுந்ததைப் பார்க்கிற மாதிரி இவனுக்கும் ஓர் இடம் கிடைச்சது. 'நிச்சயம்'னு குறி போட்டுத் தப்பானது எத்தனைன்னு தனியா எண்ணியிருக்கான். மூணாவது வாரத்தில் ஆறு. பத்தாவது வாரத்தில் ஒண்ணு. அந்த எண்ணிக்கை எந்தச் சான்றிதழிலும் வராது. ஆனா அவன் என்கிட்ட பெருமையா முதலில் காட்டினது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். கோர்வைச் சேலை நெய்ய ரெண்டு ஆள் வேணும். உடலுக்கும் கரைக்கும் நிறம் வேற வேற. மூணு நாடா ஓடும். ஒரு கரையைக் கவனிக்க எதிர்ப்பக்கம் ஓர் ஆள். அந்த வீட்டில் அது அவங்க அம்மா. இவனும் எதிர்ப்பக்கத்துக்கு ஓர் ஆளைப் பிடிச்சான். அடுத்த தெருப் பையன், அதே பாடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் அரை மணி நேரம். ஒருத்தன் புரோகிராமை இன்னொருத்தன் வரி வரியா விளக்கணும். தன்னுதை இல்லை, அடுத்தவன் எழுதினதை! விளக்க முடியலைன்னா டீ காசு அவனுது. முதல் மாசம் நம்ம ஆளுக்கு நல்ல செலவு.

உடனே 'ஆஹா, இதுதான் வழி'ன்னு கிளம்பாதீங்க. சில விஷயம் அவன் கையில் இல்லாதது. பாடம் இங்கிலீஷில். தமிழ் மீடியத்தில் படிச்சவனுக்கு முதல் மூணு வாரம் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. பல பாடங்களுக்கு என்.பி.டி.இ.எல். தளத்திலேயே பேச்சின் எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கு. தேடிப் பாருங்க. தமிழாக்கம் சில இடத்தில் இங்கிலீஷைவிடக் கஷ்டம், அது வேற விஷயம்! வீடியோ வேகத்தைக் கூட்டி ஒன்றரை மடங்கில் ஓட்டுறது ஸ்டைல்னு நினைக்கிறோம்; இவன் முதல் மாசம் முக்கால் வேகத்துக்குக் குறைச்சுப் பார்த்தான். கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

அப்புறம் கல்லூரிகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரைக்கும் பாடங்களை ஸ்வயம் வழியா எடுத்து கிரெடிட்டா மாத்திக்க அனுமதிக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா சில இடங்களில் 'எங்க கல்லூரியில் இத்தனை பேர் சேர்ந்தாங்க'ன்னு கணக்குக் காட்டறதுக்காக ஒரே நாளில் மொத்த வகுப்பையும் லேபில் உட்கார வெச்சு, ஏதோ ஒரு பாடத்தில் சேர்த்துவிடறாங்க. எதுக்குன்னு பையனுக்கும் தெரியாது, சேர்த்தவருக்கும் தெரியாது. அங்கேதான் அந்த 'ஆன்சர்ஸ்' லிங்க் பிறக்குது. எனக்கு அதில் கோபம் மாணவன் மேல குறைச்சல்தான். நோக்கமே இல்லாத இடத்தில் எதை நெறிப்படுத்தறது? அதனால பாடத்தை நீங்க தேர்ந்தெடுங்க. 'இதை எதுக்கு எடுக்கிறேன்'னு ஒரே வரியில் சொல்ல முடியலைன்னா விட்டுடுங்க. என் ஒன்பதில் ஆறு அந்த வகைதான்.

இன்னும் கொஞ்சம் தூரம் போக ஆசையா? சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கு. ஜே.இ.இ. கிடையாது. அதுக்குப் பதிலா நாலு வாரம் பாடம் நடத்தி, வார அசைன்மென்ட்டில் தேவையான மார்க் எடுத்தவங்களை மட்டும் தகுதித் தேர்வு எழுதவிடறாங்க. நீங்க எவ்வளவு புத்திசாலின்னு பார்க்கறதுக்கு முன்னாடி நாலு வாரம் தொடர்ந்து வர்றீங்களான்னு பார்க்கிறாங்க. யோசிச்சுப் பண்ணியிருக்காங்க.

தம்பி ரிசல்ட்டுக்கு வருவோம். இந்தத் தடவை அசைன்மென்ட்டில் 18. போன தடவையைவிட ஆறு மார்க் கம்மி! பரீட்சையில் 44. மொத்தம் 62, 'எலீட்'. 18-ஐப் பார்த்ததும் அவங்க அப்பா, "என்னடா, இறங்கிட்டே?"ன்னு கேட்டிருக்கார். அதை விளக்க இவனுக்கு அரை மணி நேரம் ஆச்சாம். போன தடவை 24 எப்படி வந்ததுங்கிறதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்ததே! சொல்லிட்டான். அப்பா கேட்டுக்கிட்டே தார்க்குச்சியை நாடாவில் மாத்தினாராம். அப்புறம், "ஜூலையில எந்தப் பாடம்?"னு கேட்டாராம்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுக்கலாம்னு இருக்கான். அடுத்த செமஸ்டர் முடியற சமயம் ஐப்பசி மழை. குழிக்குள் தண்ணி ஊறினா தறி நிக்கும். அப்ப வீட்டில் பணமும் கஷ்டம், ஆனா காலையில சத்தம் இருக்காது. காலண்டரில் அந்த வாரங்களையும் பென்சிலில் வட்டம் போட்டு வெச்சிருக்கான்.

நீங்க உங்க லிஸ்ட்டை முடிச்சிட்டீங்களா? சேர்ந்தது எத்தனை, முடிச்சது எத்தனை, 'நிச்சயம்'னு நினைச்சுத் தப்பானது எத்தனை. முதல் ரெண்டும் மெயிலில் இருக்கும். மூணாவதுக்கு ஒரு பழைய நோட்டு வேணும்.